கூரைச் சோலாருக்குப் பற்றரி போடலாமா: விசுவமடுப் பக்கத்துக் கணக்கு

15.06.2025, கேள்வி

அண்ணைமாருக்கு வணக்கம். வீடு மாங்குளம். மாதம் 200 அலகுக்கு மேலே போகுது. இந்த மாதம் கட்டணமும் கூடிப்போச்சு. சோலாரும் பற்றரியும் சேர்த்துப் போட எட்டு இலட்சம் கேட்கிறார்கள். "ஐந்து வருசத்தில் போட்ட காசு திரும்பும்" என்று சத்தியம் பண்ணுகிறார்கள். போட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கோ.

16.06.2025

தம்பி, நான் போட்டது போன வருசம் மாசியில். எனக்கும் ஏறக்குறைய எட்டு இலட்சம்தான். துண்டு இப்பவும் அலுமாரியில் இருக்கு, பார்த்தே எழுதுகிறேன். 550 வாட் பனல் ஆறு, 1,44,000. ஐந்து கிலோவாட் ஹைபிரிட் இன்வேட்டர், அதாவது பனல், பற்றரி, வெளிக் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற பெட்டி, 2,10,000. லித்தியம் பற்றரி ஒன்று, 51.2 வோல்ட் 100 அம்பியர்-மணி, அதாவது 5.12 அலகு கொள்ளும், 2,60,000. இரும்புச் சட்டம், வயர், இடி தாங்குகிற சாமான், எர்த் கம்பி எல்லாம் 1,20,000. கூலி 60,000. மொத்தம் 7,94,000.

மின்னலுக்கும் எர்த்துக்கும் போகிற காசைக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஐப்பசி இடிமுழக்கம் எப்படியென்று மாங்குளத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் மண் காய்ந்தால் எர்த் கம்பி சும்மா நட்ட தடிதான். நான் கிணற்றடி ஈரத்தில் இறக்கினேன்.

ஐந்து வருசம் என்பது பொய். மிச்சத்தை இரவு எழுதுகிறேன்.

16.06.2025, இரவு

எங்கள் வீட்டுப் பாவனை மாதம் 210 அலகு. இந்த ஆனியில் வந்த கட்டணத்தில் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு முதல் அறுபதும் 12.75, அடுத்த முப்பது 18.50, அடுத்த முப்பது 24, அதற்கு மேல் 180 வரை 41, 180க்கு மேலே 61 ரூபா. நிலையான கட்டணமும் படியோடு ஏறும், 180க்கு மேலே 2,100. கூட்டினால் 8,430, வரி வேறு.

இப்போது நான் வெளியிலிருந்து எடுப்பது மாதம் 73 அலகு. 1,405 ரூபா. மிச்சம் 7,025, வருசத்துக்கு 84,300. எட்டு இலட்சத்தைப் பிரித்துப் பாருங்கள், ஒன்பதரை வருசம் வருகிறது. அதுவும் ஒன்றும் பழுதாகாவிட்டால்.

கூரையிலிருந்து வருவது சராசரி ஒரு நாளைக்கு 12 அலகு. பங்குனியில் 15 வந்த நாளும் உண்டு, மார்கழி மழைக்குள் ஐந்தோடு நின்ற நாளும் உண்டு. விற்கிறவர் தருகிற தாளில் எப்போதும் பங்குனிதான் இருக்கும்.

17.06.2025

"ஆறு பனல் 550 என்றால் 3,300 வாட் வரவேண்டுமே, உங்களுக்கு ஏன் 2,600க்கு மேல் ஏறவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சூடு. அந்த 550 என்பது பனல் 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மத்தியானத்தில் எங்கள் சீற்றுக் கூரைக்கு மேலே பனல் 60 பாகையைத் தாண்டும். 25க்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.35 அளவில் குறையும், அங்கேயே பன்னிரண்டு பதின்மூன்று வீதம் போய்விடும். பிறகு புழுதி, வயர், இன்வேட்டர். வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்பது பாதி உண்மை. எனக்கு வாட் நன்றாக ஏறுவது தை கடைசியிலும் மாசியிலும், வெயிலும் இருந்து வாடைக்குளிரும் மிச்சம் இருக்கும்போது.

22.06.2025, பற்றரி அலகின் விலை

போன கிழமை ஒரு நண்பருக்குப் பெரிய கணக்கொன்று சொல்லி வைத்தேன். பற்றரியில் நூற்றுக்கு எண்பது பாவித்தால் ஒரு சுற்றுக்கு (ஒருக்கால் நிரப்பி இறக்குவது) 4.1 அலகு, 6,000 சுற்று தாங்கும் என்று எழுதியிருக்கு, ஆக 24,600 அலகு. 2,60,000ஐப் பிரித்தால் ஒரு அலகைச் சேமிக்க 10 ரூபா 60 சதம். "மலிவு" என்றும் சொன்னேன்.

இன்றைக்கு மழை தூறினபடியால் ஃபோனில் உள்ள பதிவுகளை இருந்து பார்த்தேன். என் பற்றரி ஒரு நாளைக்குத் தருவது 2.3 அலகுதான். ஏன்? பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரியின் கட்டளை: "கரண்ட் போற நேரத்தில பற்றரியும் வெறுமையா இருந்தால் அது எதுக்கு?" ஆக மாதம் 69 அலகு, வருசம் 828, உத்தரவாதம் பத்து வருசம், 8,280 அலகு. இப்போது பிரித்தால் அலகு 31 ரூபா 40 சதம். மூன்று மடங்கு. பற்றரியின் பாதியைப் பயத்துக்கென்று வைத்திருக்கிறேன், அந்தப் பயத்துக்கும் நான்தான் காசு கட்டியிருக்கிறேன்.

23.06.2025

நேற்று எழுதியதை இன்னொருக்கால் திருத்துகிறேன். பற்றரி இல்லாமல் பனல் மட்டும் இருந்தால் நான் வெளியிலிருந்து எடுப்பது 142 அலகு. அதற்குப் பில் 4,442. பற்றரியோடு 1,405. ஆக அந்த 69 அலகும் மாதம் 3,037 ரூபாவை மிச்சம் பிடிக்கிறது, அலகுக்கு 44 ரூபா. மேல் படியில் உள்ள 41 ரூபா அலகைப் பற்றரி வெட்டி, நிலையான கட்டணத்தையும் 1,500இலிருந்து 400க்கு இறக்கிவிடுகிறது, அதுதான் காரணம். பற்றரியின் காசு மட்டும் ஏழு வருசத்தில் திரும்பும்.

எனவே "பற்றரி நட்டம்" என்று நான் எழுத நினைத்ததை எழுதவில்லை. ஆனால் இது மிஞ்சுகிற கரண்டை வெளி லைனுக்குக் கொடுத்துக் காசு வாங்காத வீட்டுக்குத்தான் பொருந்தும். கொடுக்கிற வீட்டுக் கணக்கு வேறு, பிறகு வருகிறேன்.

29.06.2025, களவு பிடித்தது

கணக்கில் மாதம் முப்பத்தைந்து அலகு மாதிரி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பிறிஜ், விளக்கு, விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு ரோச் அடித்துப் பார்த்தேன். 52 வாட் ஓடுகிறது. வீட்டில் ஒன்றுமே எரியவில்லை. இன்வேட்டர்தான்! தான் விழித்திருப்பதற்கு மட்டும் 24 மணி நேரமும் 52 வாட் குடிக்கிறது. நாளைக்கு ஒன்றே கால் அலகு, மாதம் 37. எங்கள் பிறிஜ் நாளைக்கு ஒரு அலகோடு நிற்கிற ஆள்.

வாங்கும்போது இதைக் கேளுங்கள்: "சும்மா இருக்கிற நேரம் எத்தனை வாட் எடுக்கும்?" கடைக்காரர் மேலே கூரையைப் பார்ப்பார். விடாதீர்கள். ஐந்து கிலோவாட் தேவையில்லாத வீட்டுக்கு மூன்று போதும்.

02.07.2025

பல்லி.

இதற்குத் தனியாக ஒரு குறிப்பு வேண்டும். போன வருசம் புரட்டாதியில் இன்வேட்டர் திடீரென்று "டப்" என்றது, பிறகு பேச்சில்லை. திறந்து பார்த்தால் சுற்றுப் பலகைக்குக் குறுக்கே ஒரு பல்லி, வால் ஒரு முனையில், தலை மற்ற முனையில், கருகிப்போய்க் கிடக்கிறது. உத்தரவாதத்தில் பூச்சி, ஊர்வனவெல்லாம் சேராதாம். பூட்டித் தந்தவரிடம் கேட்டேன், "அண்ணை, பல்லிக்கு நாங்கள் பொறுப்பில்லைத்தானே" என்றார். பலகை மாற்ற 27,000. பதினாறு நாள் கரண்ட் இருந்தும் சோலார் இல்லை. இப்போது காற்றுத் துவாரங்களுக்கு நுளம்பு வலையை வெட்டி ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒருக்கால் தூசு தட்டவேண்டும், இல்லாவிட்டால் விசிறி மூச்சு முட்டிக் கத்தும். வலையின் விலை 150 ரூபா.

13.07.2025, வெளியே கொடுக்கிற கணக்கு

மச்சான் ஒருவர் கிளிநொச்சி டவுனில். 2019 இல் ஐந்து கிலோவாட் போட்டவர், பற்றரி இல்லாதது. அப்போதைய ஒப்பந்தத்தில் முதல் ஏழு வருசம் அலகுக்கு 22 ரூபா, எட்டாம் வருசத்திலிருந்து 15.50. வீட்டுப் பாவனையைக் கழித்து மிச்சத்துக்குக் காசு. 2022 வரை எங்களையெல்லாம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் தெரிந்தது, அந்த வகை இன்வேட்டர் வெளிக் கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும் என்று. லைனில் வேலை செய்கிறவன் அடிபட்டுச் சாகக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, அது சரிதான். ஆனால் உச்சி வெயிலில், கூரை நிறையப் பனலோடு, மச்சான் விசிறி மட்டையால் விசுக்கிக்கொண்டிருந்த காட்சியை நாங்கள் மறக்கவில்லை. அடுத்த வருசம் அவருடைய 22 ரூபாவும் 15.50 ஆகப் போகிறது.

இப்போது புதிதாகப் போடுகிறவருக்கு, ஐந்து கிலோவாட் வரை, அலகுக்கு 20.90. என் வீட்டையே எடுத்துப் பார்த்தேன். பற்றரியோடு இருந்தால் வெளியே போகக்கூடியது 175 அலகு, உள்ளே வருவது 73, மிச்சம் 102, காசு 2,132. பற்றரி இல்லாவிட்டால் வெளியே 255, உள்ளே 142, மிச்சம் 113, காசு 2,362. பற்றரிக்குள் போட்டு எடுக்கும்போது பதினான்கு வீதம் கரைகிறதே, அதுதான் வித்தியாசம்.

அதாவது 2,60,000 ரூபாப் பற்றரி மாதம் 230 ரூபா நட்டம் தருகிறது!

பகலில் கொடுத்த அலகை இரவில் அப்படியே திருப்பித் தருகிறார்கள் என்றால், வெளி லைன்தான் உங்கள் பற்றரி. அதற்குப் பல்லியும் இல்லை, பத்து வருசக் கெடுவும் இல்லை. பற்றரியை விட்டு 5,34,000 போட்டால், மிஞ்சுகிற பில்லையும் கிடைக்கிற காசையும் சேர்த்து, நிலையான கட்டணத்தைக் கணக்கில் எடுக்காமல், போட்டது திரும்ப ஐந்து வருசத்துக்குச் சற்றுக் கூட. மாங்குளத் தம்பிக்குச் செய்த சத்தியம் அப்போது உண்மையாகிவிடும், அவர்கள் சொன்ன பெட்டிக்கு அல்ல, பற்றரி இல்லாத பெட்டிக்கு.

நான் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கை லைனின் கடைசி முனை. ரான்ஸ்போமர் நெடுந்தூரத்தில். இரவு ஏழு மணிக்கு 195 வோல்ட், மத்தியானம் பக்கத்து மூன்று வீட்டுச் சோலாரும் தள்ளும்போது 250ஐத் தாண்டும். தாண்டினால் இன்வேட்டர் தானாக விலகிவிடும். உங்கள் வீட்டு வோல்ட்டை மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு கிழமை அளந்து எழுதி வைத்துவிட்டு முடிவெடுங்கள்.

03.08.2025, மலிவான பற்றரி

முற்றத்தில் அப்பா காலத்துச் சீமெந்துத் தொட்டி ஒன்று, 5,000 லீற்றர், வெடித்துக் கிடந்தது. 18,000 கொடுத்துப் பூசினேன். முந்தி பின்னேரம் ஐந்தரைக்கு மோட்டரைப் போட்டு மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒன்றரை மணித்தியாலம் இறைப்போம். வெயில் சாய்ந்த நேரம், ஒரு குதிரைவலு மோட்டர், பற்றரியிலிருந்து ஒன்றரை அலகுக்கு மேல் இழுத்துவிடும். இப்போது பதினொன்றரைக்குத் தொட்டியை நிரப்பிவிட்டு, பின்னேரம் குழாயைத் திறந்தால் தானாக ஓடுகிறது. சோளகம் அடிக்கிற இந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் இறைக்கவேண்டியிருக்கு, ஒரு நாளுக்கு ஒன்றரை அலகு என்றால் என் பற்றரி தருவதில் மூன்றில் இரண்டு பங்கு. 18,000 ரூபாவுக்கு.

இதைப் பெருமையாகச் சொல்லப்போய், பேராதனையில் பொறியியல் படித்த மருமகன் கடுதாசி எடுத்துக் கணக்குப் பார்த்தான். "மாமா, ஆயிரம் லீற்றரை நாலு மீற்றர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் இருக்கிற சக்தி 0.011 அலகு. உங்கட பற்றரிக்கு முன்னால இது தூசு." சரிதான் தம்பி. ஆனால் நான் தண்ணியிலிருந்து கரண்ட் எடுக்கவில்லை, இருட்டில் மோட்டர் போடாமல் இருக்கிறேன். அரிசிப் பானை, உடுப்பு மெசின், அயன் எல்லாம் இப்போது பத்துக்கும் இரண்டுக்கும் இடையில்தான். வீட்டுக்காரிக்கு இதில் கோபம், "சூரியன்ர நேரத்துக்கு நான் சமைக்கோணுமோ?" என்று.

04.08.2025

பழைய ஈயப் பற்றரி மலிவு என்று எழுதியவருக்கு: 2022 இல் நானும் அப்படித்தான் இரண்டு வாங்கினேன், 150 அம்பியர்-மணி, சேர்த்து ஒன்றே முக்கால் இலட்சம். பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, வடிநீர் விடவேண்டும். இரண்டரை வருசத்தில் இரண்டும் வயிறு ஊதிப் படுத்துவிட்டன. எடுத்த அலகைக் கூட்டிப் பார்த்தால் அலகு 160 ரூபா. ஈயத்துக்கு எங்கள் வெக்கை ஆகாது, பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதி.

24.08.2025

சிறுபோக வெட்டு. ஏ35 வீதியில் உழவு மெசினும் வெட்டு மெசினும் போகிற போக்கில் பனலெல்லாம் செம்மண். மத்தியானம் 2,340 வாட். ஏணி வைத்துக் கழுவினேன், 2,610. கிணற்றுத் தண்ணியால் கழுவாதீர்கள், எங்கள் தண்ணியின் கல்லுப்புக் காய்ந்து வெள்ளைத் திட்டாக ஒட்டும், பிறகு சுரண்டவேண்டும். மழைத்தண்ணி பிடித்து வைத்ததால், விடிய, பனல் குளிராக இருக்கும்போது.

குரங்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு பனல் விளிம்பில் கீறல். தென்னையிலிருந்து குரும்பட்டி எறிகிறார்கள். இந்த வருசம் மாசி 9ஆம் திகதி, பாணந்துறையில் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கியதே, அதை நினைத்தால் எங்கள் குரங்குகள் நல்ல பிள்ளைகள். அன்று ஞாயிறு, பதினொரு மணி வாக்கில். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அக்கா ஃபோன் பண்ணிச் சொல்லித்தான் கரண்ட் போனதே தெரியும்.

21.09.2025, 45.80

பற்றரி வைத்திருப்பவர் மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் வெளியே கொடுத்தால் அலகுக்கு 45.80 என்று வந்திருக்கிறது. மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியது. சித்திரை வருசப்பிறப்பு நேரம் 13ஆம் திகதியிலிருந்து 21 வரை பின்னேரம் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கோ என்று கேட்டார்கள்தானே. பகலில் வாங்க ஆள் இல்லை, இரவில் கொடுக்கக் கரண்ட் இல்லை.

முதல் பார்வைக்கு: நாளைக்கு நாலு அலகு, 183 ரூபா, மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு, பற்றரிக் காசு நாலு வருசத்தில். இருங்கோ. நாலு அலகு வெளியே வர 4.65 அலகு உள்ளே போகவேண்டும், அதைப் பகலிலேயே 20.90க்குக் கொடுத்திருக்கலாம், 97 ரூபா. மிச்சம் 86. அப்போது எட்டு வருசத்துக்கு மேல். அதோடு இரவு பத்தரைக்குப் பற்றரி வெறுமை. பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் காசை எண்ணிக்கொண்டு இருட்டில் இருக்கலாம், எண்ணுகிறதுக்கு ரோச் வேண்டும்.

04.12.2025, புயலுக்குப் பிறகு

டித்வா புயலில் எல்லோரும் சுகம்தானே. எங்கள் பக்கம் கார்த்திகை 27 இரவு போன கரண்ட் மார்கழி 2 பின்னேரம்தான் வந்தது. சில வீடுகளில் வாசல் வரை வெள்ளம். எழுத மனம் இல்லை, ஆனால் இந்தப் பதிவுகள் பிறகு கிடைக்காது.

கூரையிலிருந்து வந்தது: 27ஆம் திகதி 1.1 அலகு, 28இல் 0.6, 29இல் 1.9. பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில். கரண்ட் போன நேரம் பற்றரி 90 வீதம். பிறிஜ் ஒன்று, இன்வேட்டரின் தன் குடி ஒன்றே கால், மூன்று விளக்கும் ஃபோனுகளும் 0.6. முப்பதாம் திகதி விடிய 17 வீதம். எட்டு மணிக்கு வெயில் எறித்தது.

பாதிக்குக் கீழே இறக்காதே என்ற கட்டளை இல்லாவிட்டால் 28ஆம் திகதி இரவே முடிந்திருக்கும். ஆனியில் அந்தப் பாதியைப் "பயத்துக்கு" என்று எழுதினேன். வீட்டுக்காரி இன்னும் அதை வாசிக்கவில்லை.

இன்னொன்று, இரவு பதினொன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இன்வேட்டரையே நிறுத்தியிருந்தால் ஒரு இரவுக்கு 0.3 அலகு மிஞ்சியிருக்கும். புத்தி வரவில்லை.

விறாந்தையில் நீட்டு வயர் இழுத்து, ஒழுங்கை முழுக்க ஃபோன் கொண்டுவந்து குத்தினார்கள். 29ஆம் திகதி எண்ணினேன், 23. எல்லாம் சேர்த்து 0.35 அலகுதான். ஒரு பெரியவர் ஃபோன் நிறையும் மட்டும் கதிரையில் இருந்தார். தொண்ணூறுகளில் பற்றரியே வன்னிக்குள் விடாத நேரம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையைத் தொடங்கினார். "சுத்துறவனுக்குச் செய்தி விளங்காது, மூச்சு வாங்குறதிலயே போயிடும்" என்றார். ஃபோன் நிறைந்த பிறகும் கதை முடியவில்லை.

11.01.2026

மாங்குளத் தம்பி எழுதியிருக்கிறார்: வெளியே கொடுக்க அனுமதி கிடைத்ததாம், பற்றரி இப்போது இல்லை, ஆனால் பிறகு பூட்டக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் வாங்கியிருக்கிறார். மத்தியான வோல்ட் 238. நல்லது. ஒன்று சோதியுங்கள்: பகலில் மெயின் சுவிச்சை நிறுத்திப் பாருங்கள், விளக்கு எரிகிறதா என்று. சில இன்வேட்டர் பற்றரி இல்லாவிட்டால் வெயில் இருந்தாலும் தனியே ஓடாது, மச்சானின் கதைதான். எரியாவிட்டால் பூட்டினவர் மிச்சக் காசு வாங்க வரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பற்றரிக்கு இப்போதே இடம் ஒதுக்கி வையுங்கள். மேற்குச் சுவர் வேண்டாம், பின்னேர வெயிலில் அந்தச் சுவர் இரவு ஒன்பது மணி வரை கொதிக்கும். நான் அதில்தான் பூட்டியிருந்தேன். போன கிழமைதான் கழற்றி, வடக்குப் பக்கத்துக் குசினிச் சுவருக்கு மாற்றினேன். 48 கிலோ. முதுகு இன்னும் நேராகவில்லை.